அவள் பங்கு

காலையில் எழுந்து பல் துலக்கினேன், பால் காய்ச்சிக் குடித்தேன், நேற்றுப் போட்ட சட்டையையே போட்டுக்கொண்டு பழைய புத்தகக் கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை இயற்பியல் ஆராய்ச்சிப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு. நானும் என் மனைவி பூங்கோதையும் சேர்ந்துதான் விண்ணப்பித்தோம். பாடங்களைப் பங்கு போட்டுப் படித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது கல்லூரியிலிருந்தே எங்கள் வழக்கம். என் பங்கான வெப்ப இயற்பியலை அவளுக்குச் சொல்லி முடித்திருந்தேன். மின்காந்தவியல் அவள் பங்கு. அதைத் தொடங்கும் முன் இறந்துபோனாள்.

கல்லூரி நாட்களிலிருந்தே பழக்கமான கடைக்காரர் இரண்டு புத்தகங்களை எடுத்துப் போட்டார்.

"இந்தத் தடி புக்க வாங்குறவங்க பத்துப் பக்கம் படிச்சிட்டு எங்கிட்டயே கொண்டாந்து வித்துடுவாங்க. அதான் புதுசாவே இருக்கு."

"அடிப்படையிலேருந்து சொல்ற மாதிரி வேணும்."

"எம்.எஸ்சி. முடிச்சவரு இதைப் படிக்கவே இல்லியா?"

"அது என் மனைவியோட பங்கு."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப வீட்ல கேட்டுக்க வேண்டியதுதான சார்? காச ஏன் கரியாக்குறீங்க?"

மெல்லிய புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். பேருந்தில் பிரித்தேன். இரண்டாம் பக்கத்துக்கு மேல் எதுவும் புரியவில்லை. அறுவை சிகிச்சைக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனபோது, வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், இதை நானே படித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தேன்.

"நீ தொடாதடா, குழப்பிக்குவ. நான் வந்து சொல்லித் தரேன்" என்றாள்.