திருப்புளி மாப்பிள்ளை

"கழட்டணும்னா அந்தப் பக்கம் திருப்பணுங்க, நீங்க இன்னும் இறுக்கிட்டிருக்கீங்க" என்றாள் மனைவி. டார்ச் அவள் கையில், திருப்புளி என் கையில். கம்ப்யூட்டர் பெட்டி சாப்பாட்டு மேஜைமேல் ஒருக்களித்துக் கிடந்தது.

பல்ப் மாற்றக்கூட ஆள் கூப்பிடுகிற ரகம் நான். ஒருமுறை இஸ்திரிப் பெட்டிக்கு ப்ளக் மாட்டப்போய்த் தெருவுக்கே கரண்ட் போன கதை, பக்கத்து வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பேர்ப்பட்டவன் ரேம் என்கிற மெமரி அட்டையைச் செருகக் கிளம்பியிருந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அவள் தினமும் சாயங்காலம் மகளோடு வீடியோவில் பேசுவாள். பாதிப் பேச்சில் மகளின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். ரேம் போதவில்லை, கூட ஒன்று வாங்கிச் செருகுங்கள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

மகள் இருப்பது கால் மணி நேர பஸ் தூரத்தில். இந்த வாசலை மிதித்துப் பதினாலு மாதம் ஆகிறது. எல்லாம் என் திருவாயால் வந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் சொன்னபோது, "திருப்புளி மாப்பிள்ளை" என்று பேர் வைத்தேன். அதையும் அவர் காதில் விழுகிற மாதிரி சொல்லித் தொலைத்தேன்.

நானாகக் கூப்பிட்டால் கௌரவம் என்னாவது? அம்மாவும் மகளும் பேசும் நேரத்தில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மகள் குரலாவது கேட்குமே.

"மாப்பிள்ளையைக் கூப்பிட்டா அஞ்சு நிமிஷ வேலை" என்றாள் மனைவி. எனக்கென்ன கை இல்லையா என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன்.

ஒருவழியாக மூடி கழன்றது. பழைய ரேமுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் புதுசை வைத்து, இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினேன். இரண்டு பக்கமும் கொக்கி டக், டக் என்று மூடிக்கொண்டது. என்னையே என்னால் நம்ப முடியவில்லை.

வேர்த்துக் கொட்டுகிறது, குடிக்கத் தண்ணீர் கொண்டுவா என்றேன். டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் சொம்போடு வந்தபோது நான் மூடியை மாட்டிக்கொண்டிருந்தேன்.

சுவிட்சைப் போட்டதும் பீப், பீப், பீப் என்று கத்தியது. திரை கன்னங்கரேலென்று கிடந்தது.

"இருந்ததும் போச்சா? இனிமே அவ மூஞ்சியக்கூடப் பார்க்க முடியாதா?" மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே போய் மகளுக்குப் போன் போட்டாள். நான் தடுக்கவில்லை, எந்த முகத்தை வைத்துக்கொண்டு தடுப்பது?

அரை மணியில் இருவரும் வந்துவிட்டார்கள். மகள் என்னை நிமிர்ந்தும் பார்க்காமல் அம்மாவோடு சமையலறைக்குள் போனாள். மாப்பிள்ளை மளமளவென்று மூடியைக் கழற்றினார். நான் பரீட்சையில் பெயிலான பையன் மாதிரி பக்கத்தில் நின்றேன்.

உள்ளே ரேம் இரண்டும் கொக்கி கழன்று, ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றன. அவர் அவற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"புதுசத்தானே மாமா போட்டீங்க? பழசையும் தொட்டீங்களா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அவர் இரண்டையும் அழுத்தி உட்காரவைத்தார், கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. சமையலறையில் மகள் எதற்கோ சத்தமாகச் சிரித்தாள்.

மூடியை மாட்டிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி மாப்பிள்ளை சொன்னார்:

"அடுத்த தடவ எதையும் கழட்டாதீங்க மாமா. வாங்கன்னு சொல்லுங்க, வந்துடறோம்."