சனிக்கிழமைப் பூசையில் ஒரு பெயர்

கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கால் தானாக ஆடியது. கையால் அமுக்கிப் பிடித்தேன். அப்புறம் மற்றக் கால் ஆடியது.

இது என் கோயில் இல்லை. என் மனைவி பிறந்த வீட்டாரின் கத்தோலிக்கக் கோயில். எங்கள் சபையில் போதகர் பேசுவார், நாங்கள் கேட்போம், முடிந்தது. இங்கே மண்டியிடு, எழுந்திரு, உட்காரு என்று ஒரே வேலை.

முன்னால் நாலாவது வரிசையில் அவள் முக்காடு தெரிந்தது. காய் வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள்.

என்னை ஏமாற்ற முடியாது. அவள் தன் அக்காவோடு போனில் குசுகுசுத்தது என் காதில் விழுந்திருந்தது.

"சனிக்கிழமை பூசைக்குப் பேரு குடுத்துட்டேன்க்கா. இந்த மனுசனுக்குத் தெரிஞ்சா கோயிலையே ரெண்டாக்கிடுவாரு."

யார் பெயர் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. பூசையில் படிக்கக் கொடுப்பது செத்தவர் பெயர்தானே. எங்கள் வீட்டில் செத்தவன் ஒருத்தன்தான். எங்கள் மூத்த மகன். லாரியில் அடிபட்டுப் போனான்.

அவன் ஆண்டவரிடம் இருக்கிறான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவனுக்காக இவர்கள் பலி ஒப்புக்கொடுத்தால், அவன் இன்னும் பரலோகத்துக்குள்ளே போகாமல் எங்கேயோ வெளியே நின்று தவிக்கிறான் என்று ஊருக்குச் சொல்கிற மாதிரி. அதை மட்டும் விடமாட்டேன்.

ஆண்டவர் சிலுவையில் ஒரே தரம் பலியானார், அப்புறம் பூசையில் எதற்குத் திரும்பத் திரும்பப் பலி என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தச் சண்டைதான் எங்களுக்குள்.

நான் பஞ்சர் கடைக்காரன். எனக்குத் தெரிந்த மாதிரிதான் சொல்வேன். "ஒருவாட்டி ஒட்டுனா ஒட்டுனதுதான். வாராவாரம் ஒட்டுறியே, அப்ப மொத ஒட்டு சரியில்லைன்னு சொல்றியா?"

"யாருங்க திரும்ப ஒட்டுறது? அன்னிக்கு நடந்த அதே பலிதான். அதுக்கு முன்னாடி நாம போய் நிக்கிறோம்."

"ரெண்டாயிரம் வருசம் பின்னாடி போகணுமே. எந்த பஸ்ஸுல போவே?"

"உங்க கூட வந்தா பஸ்ஸு போய்ச் சேராது. நடந்தே போய்க்கிறேன்."

இப்படிப் பேசுகிறவள் கொஞ்ச நாளாக வாயே திறப்பதில்லை. வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தாலும், "நீங்க சொன்னா சரிதாங்க" என்று போய்விடுகிறாள். அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். பிள்ளை நினைப்பு. எனக்கு மட்டும் இல்லையா?

பெஞ்சு எலும்பில் குத்தியது. எழுந்தேன், உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் என்னைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தார்.

ஒரு டீச்சரம்மா மைக்கைத் தட்டினாள்.

"இன்றைய திருப்பலி, இறந்த நம் சகோதர சகோதரிகளின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

பெயர்களைப் படித்தாள். யாரோ ஒரு அம்மாள். யாரோ ஒரு ஆள். முன் பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்ல வேண்டும் என்பது தயாராக இருந்தது. நிறுத்துங்க, அவன் எங்க சபைப் பிள்ளை, அவனுக்காகச் செத்தவர் ஒரே தரம்தான் செத்தார்.

என் பெயர் வந்தது.

மகன் பெயருக்கு முன்னால் அப்பன் பெயர் வருவது வழக்கம்தானே. எழுந்துவிட்டேன்.

பின்னால் மகன் பெயர் வரவில்லை. வேறு யாரோ ஒருவர் பெயருக்குப் போய்விட்டாள்.

அட. உயிரோடு நிற்கிறவனைப் பிணத்தோடு சேர்த்துவிட்டார்களே. இவர்களை நம்பித்தான் இவள் காலையிலேயே ஓடி வருகிறாள். எனக்குக் கிட்டத்தட்ட சந்தோஷமாகவே இருந்தது. சண்டைக்கு இதைவிட என்ன வேண்டும்? வாயைத் திறந்தேன்.

அதற்குள் என் மனைவி எழுந்து மைக்கிடம் ஓடிவிட்டாள். ரகசியமாகச் சொல்வதாகத்தான் நினைத்திருப்பாள். கோயில் முழுக்கக் கேட்டது.

"டீச்சர், அவரு இன்னும் இருக்காரு. நோயாளிங்களோட படிக்கத்தான் குடுத்தேன்."

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். டீச்சரம்மா மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி படித்தாள். என் பெயரேதான். அதற்குப் பின்னால், "இவருக்கு வலியில்லாத நல்ல மரணம் கிடைக்க வேண்டி."

எனக்கு வயிற்றில் புண். மாத்திரையில் ஆறிவிடும். டாக்டர் அப்படித்தான் சொன்னார்.

என்னிடம் சொல்லவில்லை. என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு இவளிடம் சொன்னார். இவள் வந்து என்னிடம் சொன்னாள்.

"பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

மணி அடித்தது. கோயில் மொத்தமும் எழுந்து பாட ஆரம்பித்தது. நான் நின்றுகொண்டிருந்தது இப்போது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

அவள் தன் இடத்துக்குத் திரும்பி நடந்தாள். பாதி வழியில் அத்தனை தலைகளுக்கு நடுவே என்னைப் பார்த்துவிட்டாள். முகத்தில் ரத்தம் இல்லை.

நான் அப்போதுதான் உள்ளே நுழைந்தவன் மாதிரி, பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து எத்தனாவது பாட்டு என்று கேட்டேன்.