மிச்சம் வராத எண்

ஒன்பது குவியல் போட்டாயிற்று. சாக்கை உதறிப் பார்த்தார் மேஸ்திரி மாரப்பன். ஒரு மாவடு கூட மிஞ்சவில்லை.

"ஏனுங் அம்மிணி, மிச்சமே வரலியே?"

"வராதுங்ண்ணா. நாலு கூட இருந்துச்சு. எடுத்து லோடு பெட்டியில போட்டுட்டேன்" என்றாள் எடை போடும் யோகப்பிரியா. காலேஜில் கணக்குப் படித்த பெண்.

மாரப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதலமடையில் அந்தத் தோப்பில் வடு பறிப்பு முடிகிற அன்றைக்கு, பறித்த ஒன்பது பேருக்கும் முதலாளி ஒரு மூட்டை வடு கொடுப்பார். எடை போட்டால் காம்பு, ஈரம் என்று தகராறு வரும். அதனால் எண்ணித்தான் பங்கு. மிஞ்சுவது, தோப்பைக் கூட்டி டீ போட்டுத் தரும் பெரியம்மாளுக்கு. இந்த ஏற்பாடு மாரப்பனுடையது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"அந்த நாலும் பெரியம்மாக்காவுக்குப் போகோணும். படிச்சவங்க இத்தனை கறாரா இருக்கக் கூடாதுங்க."

"உடு மாரப்பா" என்றாள், பையோடு நின்ற பெரியம்மாள். "நாலு வடுவை எந்த ஜாடியில ஊறப் போடப் போறேன்?"

"போன வருஷம் எத்தனைங்க்கா கெடச்சுது?" என்று கேட்டாள் யோகப்பிரியா.

"அஞ்சு. அதுக்கு முந்தி ஏழு. ஒருக்கா எட்டு."

"எட்டைத் தாண்டாதுங்க. ஒன்பதால வகுத்தா, மூட்டை எவ்வளவு பெருசா இருந்தாலும் மிச்சம் எட்டுக்கு மேல வராது."

இத்தனை வருஷமும் மாரப்பன் அதை யோசித்ததே இல்லை. ஆனாலும் விடவில்லை.

"சரிங்க. அதுக்காக அந்த நாலையும் புடுங்கோணுமா?"

"ரெண்டாயிரத்து ஐந்நூத்தி இருபது வேணும்னுதாங்ண்ணா எடுத்தேன். அதை ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எதால வகுத்தாலும் மிச்சமே வராது. அதுக்குக் கீழ இருக்கற எந்த எண்ணுக்கும் அந்தக் குணம் கெடையாது."

"நாங்க ஒன்பது பேருதானுங்களே. பத்து எதுக்கு?"

யோகப்பிரியா திரும்பிப் பெரியம்மாளைப் பார்த்தாள்.

மாரப்பனும் பார்த்தார். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. தன் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"ஆளுக்கு எத்தனை எடுக்கோணுங்க அம்மிணி?"

"இருபத்தெட்டு."

அவர் எண்ணி எடுத்து வைத்தார். அதைப் பார்த்து மற்ற எட்டுப் பேரும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். பத்தாவது குவியல் எழும்பி, மற்ற ஒன்பதோடு சமமாக நின்றது. இருநூற்று ஐம்பத்திரண்டு வடு.

பெரியம்மாள் தயங்கித் தயங்கி அள்ளத் தொடங்கினாள். மிச்சத்துக்கென்று கொண்டுவந்த பை, பங்குக்குப் போதவில்லை.