வழிகாட்டியின் முட்டிவலி

"சார், ஒரு அஞ்சு நிமிஷம். முட்டி வலிக்குது."

சொல்லிவிட்டு, கோட்டை வாசலில் இருந்த கல் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள் வழிகாட்டிப் பெண். பக்கத்தில் தட்டிக் காட்டி, "நீங்களும் உக்காருங்கக்கா, எனக்குத் துணையா" என்றாள்.

மனைவி உட்கார்ந்தாள். அவள் கணவர், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், உட்காரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படகை விட்டு இறங்கி நாற்பது நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் இது மூன்றாவது பெஞ்ச்.

தங்கள் இருவருக்கு மட்டும் தீவு நகரத்தைச் சுற்றிக்காட்ட ஆள் வேண்டும் என்று பதிவு செய்தவர் அவர்தான். மூன்று மணி நேரம், பதினோரு இடம். கூட்டத்தோடு போனால் கண்டவர்களுக்காகக் காத்து நிற்க வேண்டும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. வந்து வாய்த்ததோ இது.

"ஏம்மா, உனக்கு என்ன வயசு?"

"முப்பத்தி நாலு, சார்."

"எனக்கு அறுபத்தி மூணு. நான் நிக்கிறேன், நீ உக்காந்திருக்க."

"உங்க உடம்புவாகு அப்படி, சார்."

"நீ வழிகாட்டி இல்லம்மா. வழி நெடுக பெஞ்சு காட்டி."

அவள் சிரித்துக்கொண்டாள். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

பழைய சுங்கச்சாவடியில் மாடிப்படி ஏற மாட்டேன் என்றாள் வழிகாட்டி. "மேல வெறும் அறைதான் சார், கீழயிருந்தே சொல்றேன்." பீரங்கி மேட்டில் ஒரு உட்காரல். குறுகலான கல் தெருவில், ஒரு வீட்டு வாசற்படியில் இன்னொரு உட்காரல். உட்கார்ந்த இடத்தில் எல்லாம் ஒரு கதை வேறு.

"இந்த வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேர் இருந்தாங்க. பெரிய வியாபாரிங்க. சண்டை வந்து வீட்டுக்கு நடுவுல சுவர் எழுப்பிட்டாங்க. மாடிப்படியையும் சரிபாதியா பிரிச்சாங்களாம். பாதிப் படியில எப்படி ஏறுறது? கடைசி வரைக்கும் ரெண்டு பேருமே மாடிக்குப் போகலையாம்."

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

"கதை அளக்குறதுக்கு மட்டும் எங்கயும் வலிக்கிறதில்ல போல" என்றார் அவர்.

கலங்கரை விளக்கத்துக்கு நூற்று நாற்பது படி. அதன் வாசலில் வழிகாட்டி கையை விரித்துவிட்டாள்.

"என்னால முடியவே முடியாது சார். நீங்க போய்ட்டு வாங்க. அக்கா மட்டும் என்கூட இருக்கட்டும்."

"நல்லாயிருக்கு. வழிகாட்டிக்கே துணைக்கு ஆள் வைக்கணும்."

தனியாகவே ஏறினார். உச்சியில் கடல் நாலு பக்கமும் விரிந்து கிடந்தது. அவருக்கு அது கண்ணில் படவில்லை. விட்டுப்போன இடங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இறங்கி வந்தபோது, இரண்டு பெண்களும் கால்களை நீட்டி, ஆரஞ்சுச் சுளைகளைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டு, ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் மனைவியின் சிரிப்பு நின்றது.

நம்மைப் பற்றித்தான் சிரித்திருக்கிறார்கள் என்று அவருக்குச் சுருக்கென்றது.

பதினோரு இடத்தில் ஏழுதான் ஆயிற்று. படகுத்துறையில் வழிகாட்டி விடைபெறும்போது, மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அவள் போன பிறகு, அவர் நேரே சுற்றுலா அலுவலக ஜன்னலுக்குப் போய்ப் புகார்ப் படிவம் வாங்கி வந்தார்.

குண்டு குண்டாக எழுதினார். 'நடக்க முடியாதவருக்கு நடக்கிற வேலை எதற்கு? சோம்பேறித்தனத்துக்கு முட்டிவலி என்று பெயர். இவரை உடனே நீக்க வேண்டும்.'

"இந்தா, நீயும் ஒரு கையெழுத்துப் போடு. ரெண்டு பேரா எழுதினாத்தான் இவங்களுக்கு உறைக்கும்."

மனைவி பேனாவை வாங்கவில்லை.

"அவளுக்கு முட்டிவலி இல்லைங்க."

"அப்ப நடிச்சாளா? அதையும் எழுதுறேன்."

"எனக்குத்தான் வலி."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"படகை விட்டு இறங்கினதும் நீங்க விறுவிறுன்னு முன்னால போய்ட்டீங்க. நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னதை அவ பாத்துட்டா. 'சார்கிட்ட சொல்லட்டுமாக்கா?'ன்னு கேட்டா. வேண்டாம்மா, சத்தம் போடுவார்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பாத்தா. 'சரிக்கா, இன்னைக்கு அந்த வலி எனக்கு இருக்கட்டும்'னா."

"ஏன், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

மனைவியின் குரலில் கோபம் எதுவும் இல்லை.

"சொன்னேனே. போன தடவை ரயிலடி மேம்பாலத்துல முடியாம உக்காந்தப்ப. 'எங்க போனாலும் இந்த மூட்டையையும் தூக்கிட்டுத் திரிய வேண்டியிருக்கு'ன்னு அத்தனை பேர் முன்னால சொன்னீங்க. போர்ட்டர்கூட நின்னு பாத்தான்."



ஜன்னலுக்குள்ளிருந்து குமாஸ்தா கையை நீட்டினான். "எழுதி முடிச்சாச்சா சார்?"

மனைவி, எட்டிப் படிவத்தில் எழுதியிருந்ததை ஒரு தடவை படித்துப் பார்த்தாள்.

"எனக்கு விழ வேண்டிய திட்டையெல்லாம் இன்னைக்கு அவ வாங்கிக்கிட்டா. முப்பத்தஞ்சு வருஷத்துல, உங்ககூட வந்து நான் ஒரு ஊரை நிம்மதியா பாத்தது இன்னைக்குத்தாங்க."