சேலைத் தலைப்பில் முடிந்த சீனி

வெள்ளைக்கார அம்மா பார்த்துக்கொண்டே இருக்கிறார். மேசையிலிருந்த சீனிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அத்தனையையும் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார் ஜெயலெட்சுமி.

கிருஷாந்தி மிஸ்ஸுக்கு உயிரே போய்விட்டது.

போகாதா பின்னே? அது சாதாரண வகுப்பா? பதுளை டவுனில் புடவைக் கடைக்கு மேல்மாடியில், ஏற்கெனவே இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர்களுக்கு மட்டும் மிஸ் நடத்துகிற மேல்வகுப்பு. வெள்ளைக்காரர் கோப்பையை எப்படிப் பிடிப்பார், எதற்குச் சிரிப்பார், எதைக் கேட்கவே மாட்டார் என்று ஞாயிறுக்கு ஞாயிறு பாடம்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்கக்கூடாது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்கக்கூடாது. உறிஞ்சிக் குடிக்கக்கூடாது.

“அப்ப என்னதான் மிஸ் பேசுறது?” என்று ஒருநாள் ஜெயலெட்சுமி கேட்டார்.

“மழையைப் பத்திப் பேசுங்கக்கா.”

“மழை பேஞ்சா எங்களுக்கு அரைநாள் சம்பளந்தான். அதைச் சொல்லலாமா?”

வகுப்பே சிரித்தது. மிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

ஜெயலெட்சுமி ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஆள். குவைத்தில் ஒரு வெள்ளைக்கார வீட்டில் ஒன்பது வருஷம் பிள்ளை பார்த்ததில் இங்கிலீஷ் தண்ணி மாதிரி வரும். திரும்பி வந்து கொழுந்துக் கூடையைத் தூக்கினார். இப்போது முழங்கால், மலையேற மாட்டேன் என்கிறது.

எல்ல ஊர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இங்கிலீஷில் தேயிலைக் கதை சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அதைக் கவனிக்கிற ஹாரியட் என்ற வெள்ளைக்கார அம்மா, வகுப்புக்கே தேத்தண்ணி குடிக்க வந்து ஒருவரைத் தெரிந்தெடுப்பதாகச் சொல்லியிருந்தார். பத்துப் பேருக்கும் ஆசைதான். ஆனால் இதை விட்டால் வேறு போக்கில்லாதவர் ஜெயலெட்சுமி ஒருவர்தான். அதை அவர் மிஸ்ஸிடம் சொல்லியும் இருந்தார்.

அந்த அம்மா வருகிற அன்றைக்கு மிஸ் யாரையும் மேசையைத் தொடவிடவில்லை. விரிப்பு, கோயிலில் இரவல் வாங்கிய கோப்பையும் பீரிசும், வீட்டிலிருந்து கொண்டுவந்த கேக், சீனி எல்லாம் தன் கையாலேயே வைத்தார்.

ஹாரியட் அம்மா வந்து உட்கார்ந்ததும் இன்பாஸ் மழையை ஆரம்பித்தார். வங்கியில் வேலை பார்ப்பவர், மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். வெலிமடையில் தூறின மழை, பதுளையில் கொட்டின மழை என்று விட்டால் நாளைக்கு வரப்போகிற மழையையும் சொல்லியிருப்பார். மிஸ்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஹாரியட் அம்மா கோப்பையில் ரெண்டு கரண்டி போட்டுக் கலக்கி ஒரு வாய் குடித்தார். “லவ்லி” என்றார்.

கிண்ணம் அடுத்து, வயதில் மூத்தவர் என்று ஜெயலெட்சுமியிடம் போனது. அங்கேதான் வந்தது வினை.

பால் வேண்டாம் என்றார். தோட்டத்து லய வீட்டில் குடிக்கிற மாதிரியே, சீனியைக் கோப்பையில் போடாமல் உள்ளங்கையில் கொட்டி நாக்கால் ஒரு நக்கு. இன்பாஸ் சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜெயலெட்சுமி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த நிமிஷம் கிண்ணத்தில் இருந்தது முழுக்க சேலைத் தலைப்பில். முடிச்சுப் போடுகிறபோது முழங்கை பட்டு, ஹாரியட் அம்மாவின் கோப்பை வேறு கவிழ்ந்தது.

பதறாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டு, புதுக் கோப்பை ஊற்றிக் கொடுத்தார். எங்கள் மலையில் விருந்தாளிக்கு ரெண்டாவது கோப்பை சீனி இல்லாமல்தான், அப்போதுதான் கொழுந்தின் ருசி தெரியும் என்று இங்கிலீஷில் ஒரு வழக்கத்தையும் எடுத்துவிட்டார். ஸ்பிரிங்வெளியில் அப்படி ஒரு வழக்கத்தை யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

ஹாரியட் அம்மா கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். மற்றவர்களும் வேறு வழியில்லாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணியைக் குடித்தார்கள்.

அந்த அம்மா கை கழுவப் போன நேரம் பார்த்து மிஸ் பாய்ந்து வந்தார்.

“என்னக்கா இது? என் மானமே போச்சு. மரியாதையா அவுத்து வைங்க.”

“இருக்கட்டும் மிஸ். வீட்டுல சீனி முடிஞ்சுபோச்சு.”

“கேட்டிருந்தா ஒரு கிலோ வாங்கித் தந்திருப்பேனே. இனி உங்களுக்கு அந்த வேலை கிடைச்ச மாதிரிதான்.”

ஜெயலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டார். முடிச்சின்மேல் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எல்லோருக்கும் முன்னால் படியிறங்கிப் போய்விட்டார்.

புறப்படும்போது ஹாரியட் அம்மா, அந்தச் சீனிக்கார அம்மாவையே திங்கட்கிழமை அனுப்பிவைக்கச் சொன்னார்.

மிஸ்ஸுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. அவர் தோட்டத்து ஆள், நல்ல பழக்கவழக்கம் இன்னும் வரவில்லை, இன்பாஸைப் பாருங்களேன் என்று இழுத்தார்.

“விருந்தாளியைப் பார்த்துக்கத் தெரிஞ்ச ஆள்தான் எனக்கு வேணும்” என்றார் அந்த அம்மா. சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

மூன்று வருஷமாக வெள்ளைக்காரர் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்கிற எனக்கே இந்த வெள்ளைக்காரர் விளங்கவில்லையே என்று முனகியபடி மிஸ் மேசையை ஒதுக்கினார். வெறுங்கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இதையாவது மிச்சம் வைத்தாரே மகராசி என்று விரலால் வழித்து வாயில் போட்டார்.

காலை அவசரத்தில், வீட்டு அலுமாரியிலிருந்து தன் கையாலேயே அவர் எடுத்து வந்திருந்தது உப்புப் போத்தலை.