அன்னபாக்கியத்தின் ஆராதனை

சனிக்கிழமை அன்னபாக்கியம் செத்தபோது கல்லறைத் தோட்டத்துக் கதவு திறக்கமாட்டேன் என்றது. கோயில் விட்டத்துக் கேமரா யாரை ஆராதனையில் பார்த்திருக்கிறதோ அவர்களுக்குத்தான் அது திறக்கும். பதினோரு வருஷம் படுக்கையில் கிடந்தவளை அது எங்கே பார்த்தது?

"வீட்டுல தெனமும் ஜெபம் பண்ணினோம்லடே" என்றார் அவள் புருஷன் ஞானமுத்து. "ஞாயித்துக்கெழம அவளக் குளிப்பாட்டி, தல சீவிவிட்டுட்டு, பாட்டும் படிப்பேன்."

"கேமராவுக்கு ஒங்க வீடு தெரியாதுல்லா, அண்ணாச்சி" என்றான் கோயில் பணியாள் ஆரோன். "பாவம் மதினி. ஒரே ஒரு ஆராதனைக்கு வந்து உக்காந்திருந்தாக்கூடப் போதும்."

ஆரோன் ஆறுதலுக்குச் சொன்னான். ஞானமுத்து அதை வழியாக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அவளுக்கு வெள்ளைச் சேலை உடுத்தி, நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டுபோய்ப் பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் உட்காரவைத்தார். அந்தச் சபையில் எந்த ஆணும் உட்காராத அந்தப் பக்கத்தில் தானும் உட்கார்ந்து, அவள் முகத்தில் ஈ அண்டாமல் விசிறினார். சபைப் போதகரான ஐயர் ஒன்றேகால் மணிநேரம் பிரசங்கித்தார். சபையே கொட்டாவி விட்டது, அவளைத் தவிர.

முடிந்ததும் சுவர்த்திரையில் எழுத்து ஓடியது. 'அன்னபாக்கியம்: அசையாத பக்தி. கல்லறைக்கு அனுமதி. ஞானமுத்து: முழு நேரமும் கவனச்சிதறல். அனுமதி ரத்து.'

"அண்ணாச்சி, மதினி பக்கத்துல ஒங்களுக்கு எடம் கெடையாதுங்கு" என்று கிசுகிசுத்தான் ஆரோன்.

"சரிடே, மொதல்ல அவளத் தூக்கு" என்றார் ஞானமுத்து. "கால மெதுவாப் புடி. குதிங்கால்ல புண்ணு இருக்கு, வலிக்கும்."