ஏழாவது கல்லூரி

கல்லூரிக்கு கிரேடு போட தேசியத் தரக்குழு வருகிற நாள். தாவரவியல் லேபில் இருந்த பழைய மைக்ராஸ்கோப்பை காலையிலேயே தூக்கிக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துவிட்டார்கள். அதன் இடத்தில் பளபளவென்று ஒரு புதுசு வந்து உட்கார்ந்தது.

"உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டது பழசு.

"ஊரெல்லாம் கிடையாது. குழு எங்க போகுதோ, அங்க முன்னாடியே போயிடுவேன். இது ஏழாவது கல்லூரி. இதுவரைக்கும் ஆறும் ஏ கிரேடு."

குழு வந்தது. புதுசைச் சுற்றி நின்று பார்த்தது. டிக் போட்டது. முந்திரி சாப்பிடப் போய்விட்டது.

சாயங்காலம் புதுசைக் கொண்டுபோக அட்டைப்பெட்டியோடு ஆள் வந்தார். பழசுக்கு மனசு கேட்கவில்லை.

"என் லென்ஸ்ல கீறல் விழுந்திருச்சு. வெங்காயத்தோலை வச்சா பிள்ளைங்களுக்கு மங்கலாத்தான் தெரியுது. நீங்க இங்கேயே இருந்துடுங்களேன். உங்க வழியாப் பார்த்தா நல்லாத் தெரியும் இல்ல?"

பெட்டியை மூடுகிற சமயத்தில்தான் புதுசு சொன்னது:

"தெரியலைங்க. எல்லாரும் என்னைத்தான் பார்த்திருக்காங்க. என் வழியா இன்னும் யாரும் பார்த்ததில்லை."